எங்கள் நாணய வட்டத்தின் ஆண்டறிக்கை, 2025: யாங்கோன்

தலைவர் அவர்களுக்கும் மூத்த உறுப்பினர்களுக்கும், வழக்கம்போல் மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த கோயில் அறங்காவலர்களுக்கும் வணக்கம்.

சம்பிரதாய விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் நடந்தன. கரண்டு இல்லாத நாட்களில் மேசையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டோம். காசு பார்க்க பகல் வெளிச்சம்தான் நல்லது என்பதால் யாரும் குறைப்படவில்லை. மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மண்டலே பயணத்தைக் கைவிட்டோம். அதற்கென்று சேர்த்த பணம் உறுப்பினர்கள் ஒப்புதலோடு அங்குள்ள நம் குடும்பங்களுக்குப் போனது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

இந்த ஆண்டு நம் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது காசுகளோடு வைத்திருக்கும் அட்டைகளைத் திருத்தும் வேலை. பழைய அட்டைகள் பலவற்றில் இருந்தது காசு சொன்னது அல்ல, காசு கொடுத்தவர் வீட்டில் சொன்னது. இனி அட்டையில் எடை, உலோகம், இரு பக்க உருவம், படிக்க முடிந்த எழுத்து ஆகியவை முதலில் வரும். அரசர் பெயர் கடைசியில், அதுவும் சான்று இருந்தால் மட்டும் என்று செயற்குழு முடிவெடுத்தது.

முடிவெடுத்தது சுலபம், சோழர் தட்டைத் திறந்தபோதுதான் சத்தம் ஆரம்பமானது. அதில் இருந்த செப்புக் காசுகள் அத்தனைக்கும் 'இராசராச சோழன்' என்றே அட்டை. ஒரு பக்கம் நிற்கும் ஆள், மறு பக்கம் அமர்ந்த ஆள், கைக்குக் கீழே நாகரி எழுத்து. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். எழுத்தைப் படித்தால் கதை வேறு. 'ஸ்ரீ ராஜராஜ' என்று இருப்பது சோழனுடையது. அதே அமைப்பை இலங்கைப் பொலன்னறுவை அரசர்கள் எடுத்துக்கொண்டு பராக்கிரமபாகு, விஜயபாகு, சாகசமல்லன் என்று தங்கள் பெயரில் அடித்தார்கள். நம் தட்டில் ஒரு காசில் 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்றே தெளிவாக இருக்கிறது. 1197-க்கும் 1212-க்கும் இடையில் மூன்று முறை அரியணை ஏறிய அரசி அவர். இராசராசன் இறந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து வந்தவரை அவன் பெயரிலேயே இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறோம். என்னைக் கேட்டால் நம் பெட்டியிலேயே சுவாரசியமான செப்புக்காசு இதுதான்.

காசைக் கொடுத்த குடும்பத்தின் பெரியவர் இதை ஏற்கவில்லை. இராசேந்திரன் கடாரம் வென்றான், கடாரம் என்பது இங்கே யாங்கோனுக்குப் பக்கத்துப் பெகு, எனவே இங்கே கிடைக்கும் காசு சோழன் காசு என்பது அவர் வாதம். கடாரத்தைப் பெகு என்று நூறாண்டுக்கு முன் எழுதியவர்கள் உண்டு. இன்று அது மலேசியாவின் கெடா என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். பெகுவாகவே இருந்தாலும் லீலாவதி இராசராசன் ஆகிவிட மாட்டாரே! பெரியவர் சிரித்துவிட்டார்; அட்டையில் கையெழுத்தும் போட்டார். அப்புறம் 'சேது' என்று தமிழில் எழுதிய, நந்தி படுத்திருக்கும் காசுகள். இவற்றை இராமநாதபுரம் சேதுபதி கணக்கில் வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் பக்கம் மாற்றியாயிற்று.

அடுத்த தொல்லை, காசில் பொறித்திருக்கும் ஆண்டு. பர்மிய எண்ணில் இருக்கும் பர்மிய சகாப்த ஆண்டோடு 638 கூட்டினால் கிறித்துவ ஆண்டு வரும், இது எல்லோருக்கும் தெரியும். மேற்குக் கரையோர அரக்கானைப் பிடித்த பர்மிய அரசர் போதோபயா அங்கே அடித்த காசில் 1146 என்று இருக்கும், அதாவது 1784. சரி, கணக்கு பொருந்துகிறது. மின்டோன் மன்னரின் மயில் காசில் இருப்பது 1214. கூட்டினால் 1852. ஆனால் இந்தக் காசை அடித்த மண்டலே நகருக்கு அடிக்கல் போட்டதே 1857-இல். அங்கே இயந்திரத் தங்கசாலை (காசு அடிக்கும் ஆலை) ஓடத் தொடங்கியது 1865-இல். காசில் இருப்பது அவர் பட்டத்துக்கு வந்த பர்மிய ஆண்டு, அச்சடித்த ஆண்டு அல்ல. விக்டோரியா ராணியின் 1862 ரூபாயும் இப்படித்தான், 1873 வரை அதே ஆண்டைப் போட்டே அடித்தார்கள். சென்னைத் தங்கசாலையின் ஆற்காட்டு ரூபாயில் ஹிஜிரி 1172-உம் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் பெயரும் இருக்கும். அவர் 1759-இல் கொல்லப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அவர் பெயரில் அடித்துக்கொண்டிருந்தது. ஆற்காட்டு ரூபாயில் ஆண்டை விட்டுவிட்டுச் சின்னத்தைப் பாருங்கள்: தாமரை என்றால் சென்னை, பிறை என்றால் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள்.

பர்மாவின் பழங்குடி நகரங்களை ஆண்ட பியூ மக்களின் வெள்ளிக் காசுகளில் எழுத்தே இல்லை. உதிக்கும் சூரியன் ஒரு பக்கம், ஸ்ரீவத்சம் என்ற மங்கலச் சின்னம் மறு பக்கம். இந்த வகை இங்குள்ள பழைய பியூ நகரமான ஹலினிலும் கிடைக்கிறது, தாய்லாந்திலும் கிடைக்கிறது, தெற்கு வியட்நாமின் ஓக் ஏயோவிலும் கிடைக்கிறது. சில்லறைக்காகத் துண்டாக வெட்டியவையும் உண்டு. எனவே அட்டையில் அரசர் பெயர் கூடாது, 'முதல் ஆயிரத்தாண்டு, பியூ வகை' என்பதோடு நிறுத்தினோம். 'பகான் அரசர் காசு' என்று ஒருவர் எழுதி வைத்திருந்தார். பகான் அரசர்கள் காசே அடிக்கவில்லை, வெள்ளியை நிறுத்துக் கொடுத்துதான் வியாபாரம். புதிதாகத் தோண்டி எடுத்த பியூ காசை விற்பனைக்கோ அன்பளிப்பாகவோ கொண்டு வந்தால் வட்டம் வாங்காது. சட்டச் சிக்கல் ஒரு பக்கம். எந்த மண்ணில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் எழுத்தில்லாத காசில் மிச்சம் ஒன்றும் இல்லை.

போலிகளைப் பற்றிச் சுருக்கமாக. அனுமன் அல்லது லட்சுமி உருவத்தோடு '1818, ஒரு அணா' என்று வரும் செம்பு வில்லைகளைக் கம்பெனி ஒருநாளும் அடித்ததில்லை. அவை அரிசியை இழுக்கும், லட்சக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி ஊர்ப்பக்கம் நடக்கும் மோசடி இப்போது தொலைபேசி வழியாக இங்கேயும் வந்துவிட்டது. யாரும் முன்பணம் கட்ட வேண்டாம். வெள்ளி ரூபாய் என்று வந்தால் முதலில் தராசு: 11.66 கிராம் இருக்க வேண்டும், தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். ஓரத்தில் வார்ப்புத் தழும்பும் பரப்பில் நுண்துளைகளும் தெரிந்தால் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

பொங்கலுக்குக் குத்துவிளக்கு துலக்கும்போது காசையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பாசியோடு எழுத்தும் போய்விடுகிறது. காசுமாலையிலிருந்து கழற்றிய விக்டோரியா ரூபாய்களில் பற்றவைத்த கொக்கியையும் அறுக்க வேண்டாம், அப்படியே பதிவு செய்வோம்.

காகிதப் பணம் நம் வேலை அல்ல என்றாலும் ஒரு தகவல். ஜப்பானியர் கால நோட்டில் பர்மாவுக்கு 'பி' எழுத்து, மலாயாவுக்கு 'எம்'. ஓர் உறுப்பினர் வீட்டுப் பெட்டியில் 'எம்' நோட்டுகள் கிடைத்தன. தாத்தா சயாம்–பர்மா மரண ரயில்பாதை வழியாக வந்தவர் என்று வீட்டில் பேசிக்கொள்வார்களாம். விவரத்தைக் கேட்டு எழுதி வைக்கிறோம்.

அரக்கான் தட்டு இன்னும் தொடப்படவில்லை. அரக்கானின் பழைய தலைநகரான மிராவுக் ஊவின் தொடக்ககாலக் காசுகளில் பர்மிய எழுத்தோடு பாரசீகமும் வங்காள எழுத்தும் உண்டு. பாரசீகம் படிக்கத் தெரிந்தவர் நம்மில் இல்லை. சூலியா (தமிழ் முஸ்லிம்) நண்பர்களில் யாராவது முன்வந்தால் ஜனவரியிலேயே தொடங்கலாம். பழைய தராசின் சுவிட்சு போய்விட்டது. புதிய தராசு வாங்கும் தீர்மானம் கணக்குக்குப் பிறகு வாக்கெடுப்புக்கு வருகிறது. அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்