பச்சை விரியன் விஷயம், நீ கண்டிப்பா வரணும்

கவிதா,

எப்படிடி இருக்கே? அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? சின்னவன் ஸ்கூல் மாறிட்டான்னு சரசு டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியுது, உனக்கு ஸ்டேட்டஸ் போட மட்டும் நேரம் இருக்கு. சரி, அத நேர்ல வச்சுக்கறேன். இத வாய்ஸ்ல அனுப்பினா டூட்டி நடுவுல பாதியில நிறுத்திருவே, அதான் டைப் பண்றேன்.

நம்ம செல்வி அக்காவுக்குப் பாம்பு கடிச்சிருச்சு. பதறாத, நல்லாத்தான் இருக்காங்க. ஏலக்காய் பறிக்கறப்ப தட்டைய விலக்கின கையிலயே போட்டுருச்சு, ஆள்காட்டி விரல்ல. பச்சை விரியன். பக்கத்துல நின்ன ஆளு உடனே பிளேடால கீறி, முழங்கைக்கு மேல கயித்தப் போட்டு இறுக்கிட்டாரு. ஜீப் வர்றதுக்குள்ள கை வீங்கி வளையல் உள்ள புதைஞ்சு போச்சு, அத வெட்டித்தான் எடுத்தாங்க. ஆஸ்பத்திரில கண்ணாடி ட்யூப்ல ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காம வச்சு, அப்புறம் சாய்ச்சுப் பாத்தாங்க. உறைஞ்சிருந்துச்சு. விஷமுறிவு ஊசி போடல, படுக்க வச்சு அதே டெஸ்ட்ட திரும்பத் திரும்ப எடுத்து அனுப்பிட்டாங்க. வீக்கமெல்லாம் வடிஞ்சிருச்சுடி, பிளேடு கீறின இடந்தான் இன்னும் சீழ் வச்சு அக்காவ படுத்துது.

இப்ப எஸ்டேட் லைன் வீடுகள்ல ஒரே பேச்சு, கூலிக்காரங்கன்னா ஊசி கூட போட மாட்டாங்களாம். நான் தொண்டை கிழிய சொல்லிப் பாத்துட்டேன். அந்த ஊசி நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலு விஷத்த குதிரைக்குப் போட்டு எடுக்கறது, வடநெம்மேலில இருளர் சங்கம் 1978ல ஆரம்பிச்சு விஷம் எடுத்துக் குடுக்கறாங்களே, அந்த நாலு. நம்ம மலை விரியன் அந்தக் கணக்குலயே இல்ல, அதனால டாக்டர் பக்கத்துலயே வச்சுப் பாக்கறதுதான் வைத்தியம். இதோட கடி பெரும்பாலும் வலி வீக்கத்தோட போயிடும், சில பேருக்கு ரத்தம் உறையாமயும் போகும், அதுக்குத்தான் அந்த ட்யூப். நான் சொன்னா டீச்சர் புஸ்தகத்தப் பாத்துப் பேசுறாங்கறாங்க. நர்ஸ் யூனிபார்ம்ல வந்து நீ சொன்னா கேப்பாங்க.

ஆனா கவி, அந்தப் பாம்ப நீ ஒரு தடவ பாக்கணும்டி! ஸ்கூல் பின்னாடி ஓடைப் பக்கம் காபிச் செடில ஒண்ணு இருக்கு, நாள்கணக்கா அதே கிளை, வால மட்டும் கொப்புல சுத்திக்கிட்டு. பகல்ல அசையவே அசையாது. இருட்டினதும் தலைய கீழ தொங்கவிட்டு தவளை, ஓணான், எலி எது வந்தாலும்னு காத்துக்கிடக்கும். தலை அகலமா முக்கோணமா, கழுத்து இத்துணூண்டு. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு குழி இருக்கு பாரு, அதுக்குள்ள மெல்லிசா ஒரு சவ்வு, எலியோட உடம்புச் சூடு அதுல பட்டாலே போதும், கும்மிருட்டுலயும் குறி தப்பாது. நாம மிளகாய கடிச்சா எரியறதுக்கு ஒரு வழி இருக்குல்ல, அதத் தேடிப்போனதுக்கு 2021ல நோபல் வாங்கினாரே டேவிட் ஜூலியஸ், அவரோட ஆளுங்கதான் 2010ல இந்த மாதிரிக் குழி விரியனுங்க எப்படி சூட்ட உணருதுன்னு கண்டுபிடிச்சதும். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

முட்டை போடாது, நேரா குட்டிதான், பொறக்கறப்பவே விஷத்தோட. எல்லாம் பச்சையாவும் இருக்காது, காப்பிக்கொட்டை நிறம், மஞ்சள், ஆரஞ்சுன்னு கூட இருக்கும். 1854ல ஜெர்டன்னு மெட்ராஸ் ராணுவத்து டாக்டர் ஒருத்தர் இதுக்கு மலபார் பேர வச்சாரு. இந்த மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாதுடி.

அதத்தான் இப்ப தடியெடுத்துட்டுத் தேடித் தேடி அடிக்கறாங்க. யாரையும் சாகடிக்காத கண்கொத்திப் பாம்பு கூட பச்சையா இருந்த பாவத்துக்கு அடி வாங்கிச்சு, வயிறெல்லாம் எரியுது எனக்கு. மழை ராத்திரில ரோட்டுல வண்டி ஏத்தறது தனி. இன்னொரு பக்கம் கேமராவ தூக்கிட்டு வர்றவங்க, நல்ல கிளைல வச்சு எடுக்கணும்னு குச்சியால தூக்கி இடம் மாத்திடறாங்க. அது பாட்டுக்கு காத்துக்கிடந்த இடத்த விட்டு இப்படி தூக்கிப் போட்டா எனக்கு எவ்வளவு கோவம் வருது தெரியுமா?

அக்கா மறுபடி அதே ஏலக்காட்டுக்குத்தான் போகணும், பாம்பும் அங்கதான் இருக்கும். கைய விடறதுக்கு முன்னாடி குச்சியால தட்டைய தட்டிப் பாக்கறது, கடிச்சா கீறாம கட்டாம மோதிரம் வளையல கழட்டிட்டு கைய ஆட்டாம ஜீப் ஏத்தறது, இவ்வளவுதான் எல்லாருக்கும் தெரியணும். ஞாயித்துக்கிழமை சம்பள நாள், எல்லாரும் இருப்பாங்க. காலி கண்ணாடி ட்யூப் ஒண்ணு எடுத்துட்டு வா, என் ரத்தத்தையே எடுத்து 20 நிமிஷம் வச்சுக் காட்டு, கண்ணால பாத்தா நம்புவாங்க. பொள்ளாச்சில ஏறு, 40 கொண்டை ஊசி வளைவும் முன் சீட்லயே உக்காரு, உன் லட்சணம் எனக்குத் தெரியும். டூட்டி இருக்குன்னு சாக்கு சொன்னா ஜெயாகிட்ட நானே பேசி மாத்திடுவேன்.

வசந்தி