கண்ணகி விட்டுப்போன ஊர்

முள்ளியவளை
பங்குனி மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமைக்கு மேலாகிறது. நாங்கள் ஊரில் இல்லாததால்தான் பதில் பிந்தினது. நானும் மனுசியும் மதுரைக்குப் போய் வந்தோம். காலபோக வெட்டு முடிந்து, கடனைக் கட்டின பிறகு கையில் கொஞ்சம் மிஞ்சியது. மகளும் அனுப்பினாள். கலியாணம் கட்டி முப்பத்திநான்கு வருசத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன பயணமெல்லாம் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடினதுதான். பார்த்து வரவென்று போனது இதுதான் முதல்தரம்.

பலாலியிலிருந்து சென்னைக்குப் பிளேனில் ஒரு மணித்தியாலச் சொச்சம். அங்கிருந்து இரவு ரயில். விடியப்புறம் மதுரை.

மதுரைதான் வேண்டுமென்று கேட்டவள் அவள். "வற்றாப்பளை அம்மாள் எந்த ஊரை விட்டு வந்தவ எண்டு ஒருக்காப் பாக்கவேணும்" என்றாள். கண்ணகி மதுரையை எரித்தும் கோபம் ஆறாமல் இலங்கைக்கு வந்து, இடம் இடமாய்த் தங்கி, பத்தாவதாய் வந்த பளைதான் வற்றாப்பளை என்று உன் அப்பு சொல்லுவாரே, அந்தக் கதைதான். நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த பெடியளிடம் கிழவியாய் வந்து பசிக்குது என்றது, கடல்தண்ணியில் விளக்கெரிக்கச் சொன்னது எல்லாம் நினைவிருக்கா? சிலாவத்தைக்கு உப்புத்தண்ணி எடுக்கப் போனவர்களுக்குப் பின்னாலே சொல்லாமல் நடந்து போய், திரும்பி வந்து நீயும் நானும் அடி வாங்கினோம்.

மதுரையில் என்னை முதலில் பிடித்தது வீதிகளின் பெயர். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாய் வீதிகள். மதிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதற்கப்பால் ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி. எந்த மாதத்துத் திருவிழா எந்த வீதியில் சுற்றியதோ அந்தப் பெயர். வழி கேட்டால் பூக்காரம்மா மாதத்தைத்தான் சொல்லுகிறா. ஒரு வீதியை ஒரே பெயரால் இத்தனை தலைமுறை கூப்பிட்டிருக்கிறார்கள், மச்சான். எங்கள் ஒழுங்கையில் 2010க்கு முந்தின கூரை ஒன்றுகூட இல்லை. அந்த வீதியில் நடக்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது. பொறாமை என்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று.

பிறகு கோயிலுக்குள்ளே போனோம். தெற்குக் கோபுரம் 170 அடி. அண்ணாந்து பார்த்தபடி நின்ற மனுசியை நான்தான் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண். அரியநாத முதலியார் 1569இல் கட்டியது என்று அங்கே சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்கு 1311 ஞாபகம் வந்தது. மாலிக் கபூரின் படை மதுரைக்கு வந்த வருசம், ஏ.எல். வகுப்பில் படித்தோமே. இன்று நாங்கள் கண்ணால் பார்க்கிற கோயிலில் பெரும்பங்கு அதற்குப் பிறகு நாயக்கர் காலத்தில் எழும்பியது. அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு கணக்குப் பார்த்தேன். 1311இலிருந்து 1569 வரை 258 வருசம். எங்களுக்குச் சண்டை முடிந்து இன்னும் இருபதுகூட ஆகவில்லை. நெஞ்சடைப்பு அதோடு கொஞ்சம் இறங்கியது.

திருமலை நாயக்கர் மகாலுக்கும் போனோம். 1636இல் கட்டியது. இப்போது நிற்பது பழைய அரண்மனையில் கால்பங்குதானாம். மிச்சத்தைப் பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்கென்று பிடுங்கிக்கொண்டு போனாராம். அந்தக் கால்பங்கின் தூண் ஒன்றை நானும் இவளும் இரண்டு பக்கமும் நின்று கட்டிப்பிடித்தும் விரல் எட்டவில்லை. வெயில் சரியான வெயில். வெளியே வந்து ஜிகர்தண்டா குடித்தோம். பாலும் பாதாம் பிசினும் நன்னாரியும் ஐஸ்கிரீமும். அவளுக்கு அது நன்றாய்ப் பிடித்துக்கொண்டது, மூன்று நாளும் குடித்தாள்.

ஆனால் அவள் வந்த வேலை வேறு. "அந்த ராசாவின்ரை வாசல் எது?" என்று கண்டவர்களை எல்லாம் கேட்டாள். ஒருவருக்கும் காட்டத் தெரியவில்லை. கடைசியில் ஒரு ஓட்டோக்காரத் தம்பி, "சிம்மக்கல்லுல செல்லத்தம்மன் கோயில்ல கண்ணகி இருக்காங்கம்மா, வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். மீனாட்சியைப் பார்த்த கண்ணுக்கு அது சின்னக் கோயில். கண்ணகிக்கு முன்னாலே இவள் நின்ற நேரம் எனக்குத் தெரியாது, அவ்வளவு நேரம். ஒரு வார்த்தை இல்லை.

வெளியே செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "என்ன இருந்தாலும் அந்த ராசா அவ சொன்னதைக் கேட்டவன். பிழையெண்டு தெரிஞ்ச உடனை அந்த இடத்திலேயே விழுந்து செத்தவன். எங்கடை அக்கா எத்தினை வருசமாப் படத்தோடை ரோட்டுக்கரையிலை இருக்கிறா? ஆர் கேட்டது?"

உனக்குத் தெரியும், காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் கேட்டு 2017 மார்ச்சில் முல்லைத்தீவில் தொடங்கின போராட்டத்திலிருந்து அக்கா விடவில்லை. அத்தானைத் தன் கையால் ஆமியிடம் ஒப்படைத்தவ அவ. கோவலன் கூத்தை எத்தனை விடிய விடியப் பார்த்திருப்போம். கண்ணகி வழக்குரைக்கிற இடத்தில் எங்கள் பெண்கள் ஏன் அப்படி அழுகிறார்கள் என்று நான் யோசித்ததேயில்லை. சிம்மக்கல்லில் வீதியோரம் நின்றுதான் எனக்கு அது பிடிபட்டது.

அன்றிரவு பள்ளியறைப் பூசைக்குத் திரும்பவும் மீனாட்சி கோயிலுக்குப் போனோம். ஒவ்வொரு இரவும் சுவாமியின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, மேளத்தோடு அம்மனின் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறார்கள். பல்லக்கு எங்களைத் தாண்டிப் போகும்போது சாம்பிராணிப் புகையில் ஒன்றும் தெரியவில்லை. மனுசி என் சேர்ட் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இந்த ஊரிலை இது ஒரு நாளும் நிக்கக்கூடாது" என்று மெல்லச் சொன்னாள். வேறொன்றும் கதைக்கவில்லை. அறைக்கு நடந்து வரும்போது மாசி வீதியில் பதினொரு மணிக்கும் இட்லி அவிந்துகொண்டிருந்தது. தூங்கா நகரம் என்று சும்மா சொல்லவில்லை.

ஊருக்கு வந்த அன்றே செல்லத்தம்மன் கோயில் குங்குமத்தை அக்காவிடம் கொடுத்தாள். எங்கே வாங்கினது என்று சொன்னாள். அக்கா ஒன்றும் பேசாமல் நெற்றியில் வைத்துக்கொண்டா. மற்ற நாள் விடிய நான் வயலுக்குப் போகும்போது, படம் வைத்த பையோடு பஸ்ஸுக்கு நின்றா. குங்குமம் அப்படியே இருந்தது.

தண்ணிமுறிப்புக் குளத்தில் தண்ணி பரவாயில்லை, சிறுபோகம் செய்யலாம் போலிருக்கிறது. உன் காணியின் கிழக்கு வேலி விழுந்து கிடந்தது, கட்டிவிட்டேன். காசு அனுப்பாதே. வைகாசிப் பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று எழுது. உப்புத்தண்ணி எடுக்கிற அன்று நீ வந்தால், இந்த வயதிலும் சிலாவத்தைக்கு நடந்து போகலாம்.

உன் பழைய கூட்டாளி