மாமியார் தூங்குற வரைக்கும்

அடியே வாத்து,

ஆறு மாசமா ஒரு போன்கூட பண்ணல, திட்டிக்கோ, ஆனா திட்டி முடிச்சிட்டு இத முழுசா படி. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷனாமே, இப்ப நடக்கறாங்களா?

இங்க ஒரே கூத்து. இந்த செமஸ்டர் சர்க்யூட்ஸ் பேப்பர ஃப்ளிப்டு கிளாஸ்ரூமா நடத்தறேன்னு வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன். பாடத்த வீட்டுலயே வீடியோவுல பாத்துட்டு வரணும், கிளாஸ்ல கணக்கும் சண்டையும் மட்டும்தான். ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேன ஆஃப் பண்ணிட்டு வேர்க்க விறுவிறுக்க 9 நிமிஷம் வீடியோ எடுத்தேன், நடுவுல மாமியார் இருமல் வேற. கிளாஸ்ல 61 பேரு, வியூஸ் 14, அதுல நாலு நான் பாத்தது.

சரி போகட்டும்னு மறுநாள் போர்டுல ரெண்டு பல்ப சீரிஸ்ல வரைஞ்சு, ஒண்ணுக்குக் குறுக்க ஒயர் போட்டா இன்னொண்ணு என்னாகும்னு கேட்டேன். மெஷ் ஈக்வேஷன்னு பெரிய சர்க்யூட் கணக்கையே கண்ண மூடிட்டு போடுற புள்ளைங்க எல்லாம் ரெண்டும் அணைஞ்சிரும்னு கை தூக்குது! ஹார்வர்ட்ல பிசிக்ஸ் புரொபசர் எரிக் மசூர் 90கள்லயே இதத்தான் கண்டுபிடிச்சு தலைல கை வெச்சாரு, கணக்கு போடத் தெரியும், பல்ப் தெரியாது. பக்கத்துல இருக்கவன்கிட்ட வாதாடிட்டு மறுபடி கை தூக்குங்கன்னேன். கடைசி பெஞ்சுல ஒருத்தன், திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டப் போற பையன், "ஒயர் போட்டது செத்துரும், இன்னொண்ணுக்கு மொத்த வோல்ட்டும் வந்து பளிச்சுன்னு எரியும்டா"ன்னு சரியா கத்தறான், ரெண்டு டாப்பர் அவன்கிட்ட மல்லுக்கு நிக்குது. எனக்கு புல்லரிச்சிருச்சுடி.

ஃபீட்பேக் வந்துச்சு. "மேடம் பாடமே எடுக்கறதில்ல." அதே வரி, இருபது பேரு.

நெஜமா அழுகை வந்துச்சு, இன்கிரிமென்ட் இதுலதான தொங்குது. 2019ல ஹார்வர்ட் பிசிக்ஸ் கிளாஸ்லயே பாத்திருக்காங்க, தானே போட்டுப் பழகற கிளாஸ்ல பசங்க அதிகமா கத்துக்குறாங்க, ஆனா லெக்சர்லதான் நெறைய கத்துக்கிட்டோம்னு நெனைக்கிறாங்க. அந்த பேப்பர பிரின்ட் எடுத்து ஹெச்ஓடி டேபிள்ல வெச்சேன், "அவங்களுக்கு நம்ம சிலபஸ் இல்லம்மா"ன்னுட்டாரு. யோசிச்சா நாமளும் நம்ம டிக்டேஷன் சாரத்தானே சூப்பரா நடத்தறாருன்னு சொல்லிட்டுத் திரிஞ்சோம்? அந்த நோட்டுல ஒரு வரி ஞாபகம் இருக்கா உனக்கு?

நீயும்தான் பதினஞ்சு வருஷமா சாக்பீஸ் தின்னுட்டிருக்க, சொல்லு, விட்றவா? மனசு வரல.

நாளன்னிக்கு தெவனின் தியரம், வீடியோ இன்னும் எடுக்கல. மாமியார் தூங்கட்டும்னு உக்காந்திருக்கேன், அதான் உனக்கு இந்த லெட்டர்.

இப்படிக்கு,
உன் ரூம்மேட் பிசாசு