கறுப்புக்கு ஆடுறதுக்கு ஒரு ஆள் வேணும்டா

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்து சேந்துச்சு. பொண்ணு ஹாஸ்டல்ல செட் ஆயிட்டான்னு எழுதியிருந்தியே, அத படிச்சதும் தான் எனக்கும் நிம்மதி, இனிமே நீ ராத்திரி பூரா ஃபோனையே பாத்துட்டு உக்காந்திருக்க வேணாம். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், வேலை எப்பவும் போல தான், அத பத்தி எழுத ஒண்ணுமில்ல.

கடைசில ஒரு வரி போட்டிருந்த பாரு, செஸ்ஸ விட்டுட்டேன், எந்த பஸில் குடுத்தாலும் இன்ஜின், அதான் அந்த செஸ் சாஃப்ட்வேர், ஒரு செகண்ட்ல சொல்லிடுது, அப்புறம் நாம எதுக்கு மண்டைய ஒடச்சுக்கணும்னு. அதுக்கு பதில் சொல்லத் தான் இந்த லெட்டரே.

ஆன்லைன்ல பழக்கமான பசங்க கொஞ்ச பேர் இருக்கோம்னு சொல்லியிருக்கேன்ல, யாரும் யாரையும் நேர்ல பாத்ததில்ல. இன்ஜின தொடக்கூடாது, அது ஒண்ணு தான் கண்டிஷன். போன தடவ எடுத்தது பஸில் பண்றதுல பேர் போன அமெரிக்கக்காரர் சாம் லாய்டோட பழைய பஸில், பேரு எக்ஸெல்சியர், 1858ல பண்ணது, 1861ல லண்டன் பேப்பர் ஒண்ணுல வந்துச்சு. வெள்ளை ஆடி அஞ்சு மூவ்ல மேட், அதாவது கறுப்பு ராஜா தப்பிக்கவே முடியாத செக்.

போர்ட எடுத்து அடுக்கு, வெள்ளை பக்கத்துலேர்ந்து பாத்தா எழுத்து இடமிருந்து வலமா ஏ முதல் ஹெச் வரைக்கும், நம்பர் கீழேர்ந்து மேல 1 முதல் 8 வரைக்கும். வெள்ளை: ராஜா ஹெச்5, யானை பி5லயும் இ2லயும், குதிரை ஏ1லயும் ஹெச்3லயும், சிப்பாய் பி2, சி2, ஜி3. கறுப்பு: ராஜா ஹெச்1, யானை சி8, பிஷப் டி8, குதிரை ஏ8, சிப்பாய் ஏ3, பி6, பி7, இ3, எஃப்7, ஹெச்7.

பாத்தவுடனே தெரியும், கறுப்பு ராஜா மூலைல அசையவே முடியாம நிக்குது. இ2 யானை ரெண்டாவது வரிசைய அடச்சிடுச்சு, ஜி1ஐ ஹெச்3 குதிரை பாத்துக்குது. இன்னொரு யானை முதல் வரிசைல எறங்குனா முடிஞ்சுது. அப்ப பி5 யானைய எஃப்5க்கு கொண்டு போய் எஃப்1ல எறக்குனா போதாதா? எங்க டாக்டர் ஒருத்தர் இருக்கார், எடுத்த எடுப்புல அதத்தான் சொன்னார், எல்லாரும் ஆமா ஆமான்னோம்.

எங்க கூட ஒரு பொண்ணு உண்டு, ரேட்டிங் பாத்தா எங்கள விட கம்மி தான், ஆனா எப்பவும் கறுப்பு பக்கம் தான் உக்காருவா, நாம எத சொன்னாலும் "சரி, நான் இத ஆடுனா?"ன்னு மட்டும் கேப்பா. அவ கேட்டா, யானை சி5 வந்தா? அவ்ளோ தான். வெள்ளை யானை ராஜாவுக்கு நேரா பின் ஆயிடுச்சு, அது நகந்தா சொந்த ராஜாவுக்கே செக், கீழ எறங்கவே முடியாது. டி5க்கு போனாலும் அதே கதை. எல்லாரும் கப்சிப்.

அந்த ஒரு கேள்வில தான் பஸிலோட கதவே தொறக்குது மாப்ள. சி5 தான் பிரச்சினைன்னா சி5அ காவல் காக்கணும், யாரு காப்பா? பி2 சிப்பாய் பி4 வந்தா காக்கலாம். மூணு யானை இருக்குற போர்டுல முதல் மூவ் மூலைல தூங்கிட்டிருந்த ஒரு சிப்பாய், யாருக்கு தோணும் சொல்லு!

சரி பி4. அவ விடல, யானைய வச்சு சி2 சிப்பாய வெட்டுனா? நம்ம ஏ1 குதிரை அந்த யானைய வெட்டிடும், அவ ஏ3 சிப்பாய ஏ2க்கு தள்ளுனா நம்ம யானை டி5, அது ஏ1ல ராணி ஆனாலும் அதே குதிரை திரும்பி வந்து வெட்டும், அப்புறம் டி1ல மேட். அப்ப யானை சி5 செக்? சிப்பாய் வெட்டுது, நம்ம யானைக்கு கீழ பி லைன் முழுசா காலி, பி1ல மேட் மிரட்டல். அத தடுக்க ஏ2. இப்ப நம்ம சிப்பாய் சி6க்கு நகந்து வரிசைய விட்டுக் குடுக்குது, யானைக்கு மறுபடி டி5, எஃப்5 ரெண்டு வழியும் தொறந்தாச்சு. பி7 சிப்பாய் அத வெட்டுனா எஃப்5 வந்தாலே போதும்.

இங்க தான் அவ ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு பிஷப் சி7ன்னா. யோசிச்சுப் பாரு, டி லைன்ல வந்தா ஜி3 சிப்பாய வெட்டிட்டு, செக் வந்ததும் இ1ல எறங்கி அடைக்கும், எஃப் லைன்ல வந்தா எஃப்4ல அடைக்கும், ஒரே பிஷப் ரெண்டு வாசலுக்கும் காவல். எனக்கு கறுப்ப பாத்து பாவமா கூட ஆயிடுச்சு. ஆனா ஏ8 குதிரைய பாரு. அதுக்கு போக ரெண்டே கட்டம், பி6ல சொந்த சிப்பாய், சி7ல இப்ப சொந்த பிஷப். நம்ம சி6 சிப்பாய் பி7அ வெட்டுது, அடுத்த மூவ்ல ஏ8 குதிரைய வெட்டி ராணி ஆகுது, குறுக்கால மொத்த போர்டும் தாண்டி ஹெச்1ல மேட். பிஷப் கறுப்புக் கட்டத்துது, இந்த வெள்ளைக் குறுக்குக் கோட்ட அதால அடைக்கவே முடியாது. அத நகத்துனாலும் பிரயோஜனமில்ல, குதிரை நகர இன்னொரு மூவ் ஏது?

இதுல ஒரு பெட் கதையும் இருக்கு. எந்த பஸில்லயும் மேட் குடுக்கப் போற காய நான் கண்டுபிடிச்சிடுவேன்னு லாய்டோட ஃபிரண்டு ஒருத்தர் சவடால் விட்டுட்டே இருந்தாராம். லாய்டு இத காட்டி, சரி, மெயின் லைன்ல, அதாவது கறுப்பு நல்லா தடுத்து ஆடுற வழில, மேட் குடுக்காத காய ஒண்ண சொல்லு, தோத்தவன் டின்னர் வாங்கணும்னு பெட் கட்டிட்டாரு. அந்த மனுஷன் யோசிக்கவே இல்ல, பி2 சிப்பாய்ன்னுட்டாரு! குசும்பு புடிச்ச ஆளுடா லாய்டு.

இப்ப சொல்லு, இன்ஜின்ல போட்டிருந்தா பி4ன்னு பளிச்னு காட்டியிருக்கும், நீயும் ஓகேன்னு மூடி வச்சிருப்ப. சி5 பின்னும் தெரிஞ்சிருக்காது, பிஷப் சி7ன்னு ஒருத்தி கடைசி வரைக்கும் போராடுனதும் தெரிஞ்சிருக்காது. என்ன கேட்டா மேட் பஸில தீக்குறது வெள்ளைக்கு ஆடுறவன் இல்லடா, தோக்கப் போறோம்னு தெரிஞ்சும் கறுப்புக்கு முட்டுக் குடுக்குறவன் தான். எங்களுக்கு அந்த மாதிரி இன்னொரு ஆள் வேணும், சின்ன வயசுல நீ ராஜாவும் ஒரு சிப்பாயும் வச்சுகிட்டு ரிசைன் பண்ண மாட்டேன்னு அடம் புடிச்சது எனக்கு மறக்கல.

கை பழக, அந்தக் காலத்து அமெரிக்க செஸ் ஜாம்பவான் மார்ஃபி பேர்ல சொல்ற ஒரு குட்டி பஸில் தரேன். வெள்ளை ராஜா சி8, யானை ஏ1, சிப்பாய் பி6. கறுப்பு ராஜா ஏ8, பிஷப் பி8, சிப்பாய் ஏ7, பி7. வெள்ளை ஆடி ரெண்டே மூவ்ல மேட். விடைய மட்டும் அனுப்பாத, கறுப்புக்கு என்னென்ன ஆடிப் பாத்தன்னு முழுசா எழுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தான் எல்லாரும் சேருவோம், நீ சரின்னு சொன்னா லிங்க் அனுப்புறேன்.

இப்படிக்கு,
உன் மாப்ள