புதுப்பொலிவு பெற்ற சீறாப்புராணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கடலோர நூலகம் ஒன்றைப் பற்றிய செய்தியில், ‘சிதிலமடைந்த சீறாப்புராணம் பைண்டிங் செய்யப்பட்டுப் புதுப்பொலிவு பெற்றது’ என்று வெளியிட்டிருந்தீர்கள். நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் அந்தக் காவியப் புத்தகத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தால் தங்கள் நிருபருக்கு அப்படி எழுத மனம் வந்திருக்காது.

பக்கங்களைச் சமப்படுத்துகிறேன் என்று மூன்று புறமும் வெட்டியிருக்கிறார்கள். அரபுச் சொற்களுக்குப் பழைய வாசகர்கள் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்த பொருளெல்லாம் அதோடு போயிற்று. தையலும் தவறு. படிகாரம் சேர்த்துச் செய்த பழைய தாள் அமிலமேறி மொறுமொறுத்துவிடும். அதைப் பாரம் பாரமாக, அதாவது சேர்த்து மடித்த தாள்கட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து மடிப்பின் நடுவில்தான் தைக்க வேண்டும். இவர்கள் முதுகை ஒட்டி மேலிருந்து துளையிட்டு இறுக்கிவிட்டார்கள். இனி விரிக்கும்போதெல்லாம் தையல் கோட்டிலேயே தாள் ஒடியும். கிழிசலுக்கு செல்லோடேப். அதன் பசை பழுப்பேறி எழுத்துக்குள் இறங்கினால் எடுக்கவே முடியாது. மெல்லிய ஜப்பான் தாளும் மாவுப்பசையும் போதுமே! அந்தப் பசையிலும் பூச்சியைத் தடுக்கும் மயில்துத்தம் கலக்காவிட்டால், தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சிக்கு விருந்துதான்.

உப்புக்காற்று ஈரத்தை இழுக்கும் ஊரில் இரும்பு பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்தால் துருவும் பூஞ்சையும் வராமல் என்ன செய்யும்? நாலு விரல் இடைவெளி விடச் சொல்லி எத்தனை மனு! சொத்து வரியோடு நூலக வரியும் தவறாமல் கட்டுகிறோம். பழைய நூல்களைக் கழித்து எடைக்குப் போட்டபோது தங்கள் இதழில் ஒரு வரி வரவில்லை என்ற வருத்தமும் உண்டு.

உமறுப்புலவரின் 5027 விருத்தங்களின் அருமை தங்களுக்குத் தெரியாததல்ல. காவியத்தைப் பாடச் சொல்லித் தொடங்கிவைத்த வள்ளல் சீதக்காதி இந்தக் கடற்கரைக்காரர். ஏடு தேடி ஒப்பிட்டு 1842இல் அச்சேற்றிய செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் காயல்பட்டினத்தார். அவர்கள் காத்துக் கொடுத்ததைக் கத்திக்குக் கொடுத்துவிட்டு பொலிவு என்கிறோம்.

காவியத்தின் கடைசிப் பகுதியான ஹிஜ்றத்துக் காண்டத் தொகுதி இன்னும் பைண்டிங்குக்குப் போகவில்லை. அதை வெட்டாமல், தைக்காமல், பருத்தித் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கு ஒளிவருட (ஸ்கேன் செய்ய) கொடுக்கச் சொல்லித் தங்கள் இதழில் நாலு வரி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்