இரண்டாம் பாகத்துக்குப் பாக்கி இருக்க வேண்டும்

கொழிஞ்சாம்பாறை,
பங்குனி 10

அன்புள்ள இசக்கி,

கடிதம் கிடைத்தது. இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாசியோடு அடங்கி, வெயில் மட்டும் மிச்சம். உன் பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதி.

கோடை விடுமுறைக்கு உங்கள் தெரு வாசகசாலையில் வாரம் ஒரு குடும்பப் படம் போடப் போவதாகவும், முதல் பாகம் போட்டால் இரண்டாம் பாகத்தையும் போட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் வேண்டாம். முதல் பாகம் முடியும்போது யாருக்காவது ஏதாவது பாக்கி நிற்கிறதா என்று பார். நின்றால் இரண்டாவதைப் போடு. கணக்கு நேர் ஆகிவிட்டிருந்தால், பெயரை வைத்து வந்த கூட்டத்துக்காக எடுத்த படம் அது என்று வைத்துக்கொள்.

மலையாளத்து த்ரிஷ்யத்தை எடுத்துக்கொள்: மகளை மிரட்டியவன் வீட்டில் செத்துப்போக, குடும்பத்தைக் காக்கப் பிணத்தை ஒளிக்கும் அப்பா ஜார்ஜ்குட்டியின் கதை. 2013 டிசம்பரில் முதல் பாகம் முடியும்போது ஜார்ஜ்குட்டி புதுப் போலீஸ் ஸ்டேஷனை விட்டு வெளியே வருகிறார். பிணம் அவர் காலடியில், அந்தத் தரைக்குக் கீழே. போலீஸுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். படம் முடிந்துவிட்டது, பாக்கி தீரவில்லை. இயக்குநர் ஜீத்து ஜோசப் 2021 பிப்ரவரியில் இரண்டாம் பாகத்தை வேறெங்கும் தொடங்கவில்லை, பிணத்தைப் புதைத்த அதே இரவில்தான் தொடங்கினார். கட்டி முடியாத ஸ்டேஷனிலிருந்து ஜார்ஜ்குட்டி வெளியேறுவதை, போலீஸுக்குப் பயந்து ஓடும் ஒருவன் பார்த்துவிடுகிறான். புதுப் பகை, புது ஊர், புது வில்லன் எதுவும் தேவைப்படவில்லை, பழைய இரவை இன்னொரு கண்ணால் காட்டினாலே போதுமாக இருந்தது.

இன்னொன்று கவனி. முதல் பாகத்தில் ஜார்ஜ்குட்டி செய்வதில் பெரும்பகுதியை நாம் கூடவே இருந்து பார்க்கிறோம். குடும்பம் வெளியூரில் இருந்ததாகக் காட்டும் பஸ் டிக்கெட், ஓட்டல், சினிமாக் கொட்டகை, ஆகஸ்ட் 2 என்ற தேதியை ஊராரின் மண்டையில் ஏற்றுவது, எருக்குழியைத் தோண்டினால் கன்றுக்குட்டி கிடைப்பது. பிணம் எங்கே என்பதைத்தான் கடைசிவரை மறைக்கிறார்கள். இரண்டாம் பாகம் இதைத் தலைகீழாக்குகிறது. பிணம் எங்கே என்று தெரியும், ஆனால் ஆறு வருடமாக அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது கடைசி அரைமணி வரை தெரியாது. அதே வித்தையை மறுபடி காட்டாமல், மறைக்கும் பொருளை மாற்றியதுதான் அங்கே சாமர்த்தியம்.

குறையும் உண்டு. முதல் ஒரு மணி நேரம் மெதுவாக நகரும், பிள்ளைகள் நெளிவார்கள். கல்லறை தோண்டுகிறவர், ஆய்வகத்துக் காவலாளி, சினிமாக் கதை எழுதுகிறவர் என்று எல்லோரும் அவருக்கு வாகாக அமைகிறார்கள். முதல் பாகத்தில் அவர் உழைப்பு நம் கண்முன் நடந்தது, அதனால் நம்பினோம். இங்கே முடிந்த பிறகு சொல்லிக் கேட்கிறோம், அதனால் பாதி நம்புகிறோம். ஆனால் மூத்த மகள் அஞ்சுவின் வலிப்பும், ஜீப் சத்தம் கேட்டால் நடுங்கும் மனைவி ராணியும் பொய்யில்லை. தப்பித்த குடும்பத்துக்கு ஆறு வருடம் தூக்கம் போனது என்ன விலை என்று அந்த வீட்டைக் காட்டியே ஜீத்து சொல்லிவிடுகிறார். இரண்டு மகள்களாக அன்சிபாவும் எஸ்தரும்தான் இரண்டிலும். உண்மையிலேயே வளர்ந்து நிற்கிறார்கள், மேக்கப்பால் வராது அது.

உனக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். உங்கள் பக்கத்து ஜனங்கள் பார்த்தது த்ரிஷ்யத்தைத் தமிழில் எடுத்த பாபநாசம் (2015). சுயம்புலிங்கம் பேசுவது உங்கள் ஊர்ப் பேச்சு. இரண்டாவது அதற்குத் தமிழில் வரவில்லை. பாபநாசத்தைப் போட்டு, அடுத்த வாரம் மலையாள இரண்டாம் பாகத்தைப் போட்டால் பெயரும் ஊரும் மாறும். அதைவிடப் பெரிய இடறல், குடும்பமே மாறும். ஜார்ஜ்குட்டி கிறிஸ்தவர், சுயம்புலிங்கம் இந்து; கல்லறைத் தோட்டம் கதைக்கு முக்கியம், சுயம்புலிங்கம் வீட்டை மனதில் வைத்திருக்கிறவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று புரியாது. ஆகவே இரண்டையும் மலையாளத்திலேயே போடு. எஸ்தர் இரண்டு மொழியிலும் சின்ன மகள் என்பதால், பாபநாசம் பார்த்தவர்களுக்கு அந்த முகமே வழிகாட்டும். இங்கே எங்கள் பக்கம் மலையாளம் எல்லோருக்கும் ஓடும். அங்கே அடியில் எழுத்து ஓடுகிற பிரதியாகப் பார்த்து வாங்கு. ஒரே இரவில் இரண்டும் வேண்டாம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் போய்விடும். படத்தில் மூத்த மகளை மிரட்டும் வீடியோவும், போலீஸ் குழந்தையை அடிப்பதும் வருவதால் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடு.

சின்னவர்களுக்குப் பேடிங்டன், லண்டனில் ஒரு குடும்பத்தோடு வாழும் கரடியின் கதை. 2014இல் வந்ததைவிட 2017இல் வந்த இரண்டாவது ஒரு படி மேல் என்பேன். காரணம் தையல் வேலை மாதிரி. முதல் பத்து நிமிடத்தில் அந்த வீட்டில் ஒவ்வொருவரும் என்ன பழகுகிறார் என்று விளையாட்டாகக் காட்டிவிடுவார்கள். அம்மா நீச்சல், அப்பா யோகா, பையனுக்கு ரயில் எஞ்சின் பைத்தியம். கடைசியில் ரயில் துரத்தலில் அத்தனையும் ஒவ்வொன்றாகப் பலிக்கும். ஆகவே அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் நாற்காலி போடுவது, பாய் விரிப்பது எல்லாம் முடிந்திருக்க வேண்டும். தாமதமாக வருகிறவனுக்குக் கடைசிக் காட்சி வெறும் ஓட்டம். பாக்கியும் உண்டு: கரடிக்குத் தன்னை வளர்த்த லூசி அத்தையிடம் பட்ட கடன்.

ஹோம் அலோன் இரண்டும் (1990, 1992) போடாதே. அதே திருடர்கள், பையனை விட்டுவிட்டுப் போகும் அதே மறதி, வீட்டுக்குப் பதில் நியூயார்க். முதலில் மாடிப்படியில் பெயிண்ட் டப்பா, இரண்டாவதில் கூரையிலிருந்து செங்கல். பிள்ளைகள் சிரிப்பார்கள்தான். ஆனால் முதலில் வீட்டைக் காக்கும் பையன், இரண்டாவதில் வலியை மட்டும் காட்டுகிறான்.

டாய் ஸ்டோரி 1995, 1999, 2010 மூன்றையும் வரிசையாகப் போடு. மூன்றாவதில் பொம்மைகளின் சொந்தக்காரப் பையன் ஆண்டி கல்லூரிக்குப் போகிறான். 1995இல் சிறுவனாகக் குரல் கொடுத்த அதே ஜான் மோரிஸ்தான் அந்த இளைஞனுக்கும் குரல். பொம்மைகளைப் பானி என்ற குழந்தையிடம் கொடுத்ததும் கணக்கு தீர்ந்தது. 2019இல் நாலாவது வந்தது. நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். அடைத்த கணக்கைத் திறந்த மாதிரி இருக்கிறது எனக்கு.

நம் தமிழில் சந்திரமுகியும் அப்படித்தான். 2005இல் கங்காவின் நோய் குணமானது, அதற்கு மேல் எதுவும் மிச்சமில்லை. 2023இல் அதே பி. வாசு நிஜப் பேயைக் கொண்டுவந்தார், அதோடு முதல் படம் சொன்ன மனநோய் வாதமே ஆட்டம் கண்டுவிட்டது. பசங்க 2 வேறு ரகம், பெயர்தான் தொடர்ச்சி. பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்பதால் பாண்டிராஜ் புதுப் பிள்ளைகளையும் நகரத்தையும் எடுத்துக்கொண்டார். தனிப்படமாகப் போடலாம்.

நாடோடிக்காற்று கேட்டிருந்தாய். 1987இல் வந்த அந்த மலையாளப் படம் சிரிப்பில் பொதிந்த பட்டினிப் படம். பால் கறக்காத மாடு, துபாய் என்று நம்பி மெட்ராஸ் கடற்கரையில் இறங்குவது. முடிவில் தாசன், விஜயன் என்ற நண்பர்கள் இருவருக்கும் போலீஸ் வேலை கிடைத்ததும் பசி தீர்ந்தது. அதன் தொடர்ச்சிதான் 1988இல் பட்டணப் பிரவேசம் (பாலசந்தர் படம் வேறு), 1990இல் அக்கரே அக்கரே அக்கரே. தாசனும் விஜயனும் யார் பெரியவன் என்று அடித்துக்கொள்வது தீராத பாக்கி, அதனால் சிரிப்பு ஓடுகிறது. முதல் படத்தின் வயிற்றெரிச்சல் மட்டும் காணோம். கிழவர்கள் கேட்டால் மூன்றாவதை விட்டுவிடு.

கடைசியாக இரண்டு வேலை. வீட்டுச் சந்தாவில் வருகிற படத்தைப் பொதுவில் போட அனுமதி கிடையாது, உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள். வைகாசியில் ஏழு மணிக்கு முன் வெளிச்சம் போகாது, திரை வெளுத்துத் தெரியும். ஏழேகாலுக்குத் தொடங்கு, பேடிங்டனாக இருந்தால் ஒன்பதுக்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். பட்டியல் தயாரானதும் எனக்கு ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
தெய்வானை