பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வா

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் செய்தால் "வேலையில் இருக்கிறேன்மா, அப்புறம் கூப்பிடுகிறேன்" என்கிறாய். வேலை நேரத்தில் கூப்பிடுவது என் தப்புதான். அதனால் கடிதம்.

மெஷின் சர்வீசுக்கு மாலூரும் நரசாபுராவும் அடிக்கடி போகிறாயாம். அவ்வளவு தூரம் போகிறவன் பங்காருப்பேட்டை தாண்டித் தங்கவயல் போய்ப் பெரியம்மாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரக்கூடாதா? ஒரு மணி நேரம் இருந்தால் போதும். வெறுங்கையோடு போகாதே. பெங்களூரா மாங்காய் வேண்டாம், அது கூழ் பேக்டரிக்குப் போகிற காய். நம் மரத்துச் செந்தூரா வைக்கோலில் பழுக்க வைத்திருக்கிறேன். இந்த வருடம் காய்ப்பு குறைவு, விலையும் இல்லை. அது கிடக்கட்டும்.

போன மாதம் புனேயில் வேலை முடிந்ததும் சித்தப்பா வீட்டைத் தேடிப் பிடித்துப் போனாயாம். "உன் பையன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான் அண்ணி" என்று போனில் அழுதார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. ஓசூரில் உன்னோடு படித்த பையன் வீட்டிலும் சாப்பிட்டாயாம், அவன் அம்மாவைச் சந்தையில் பார்த்தேன், சொன்னாள். சந்தோஷம். எல்லோர் வீட்டுக்கும் போகிறாய்.

காரின் ஃபாஸ்டேக் இன்னும் அப்பா நம்பரில்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் காசு பிடித்தால் இங்கே மெசேஜ் வரும். சித்திரையில் இரண்டு முறை, வைகாசியில் மூன்று முறை. எல்லாம் ராத்திரி பதினொன்றுக்கு மேல். அதற்குப் பிறகு தொப்பூர் டோல்கேட் மெசேஜ் வருகிறவரை எனக்குத் தூக்கம் வராது. ராத்திரியில் தொப்பூர் கணவாயில் ஓட்டாதே கண்ணு. லாரியெல்லாம் பிரேக் பிடிக்காமல் வந்து இடிக்கிற இறக்கம் அது. உனக்குத் தெரியாததா. அப்பா மெசேஜைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசமாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பொங்கலன்று அவர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

பெரியம்மா வீட்டுக்குப் போ. அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். நான் சின்னப் பெண்ணாக அங்கே போனபோது தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டுப் பக்கம் காற்றடித்தால் கண்ணைத் திறக்க முடியாது, முந்தானையால் என் முகத்தை மூடிக் கூட்டிப் போவாள். சங்கு ஊதினால் பெரியப்பா சுரங்கத்திலிருந்து மேலே வரும்வரை சோற்றுப் பானையைத் திறக்கமாட்டாள்.

இதை உனக்கு எழுதவேண்டுமென்று நினைக்கவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அந்த மே மாதம் அக்காவிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. "பெரியவள் பத்தாவது பாஸ். உன் வீட்டில் இருந்து பன்னிரண்டாவது முடிக்கட்டும், ஒரு வாய் சோறு போடு" என்று எழுதியிருந்தாள். அப்பாவிடம் காட்டியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறிப் போய்க் கூட்டி வந்திருப்பார். அதனால்தான் காட்டவில்லை. கடன் இருந்தது, நீ கைக்குழந்தை, எல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒரு பிள்ளைக்குச் சோறு போட முடியாத வீடில்லை நம் வீடு. கடிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். பதில் எழுதவில்லை. அடுத்த வருடம் கல்யாணத்தில் பார்த்தபோது "லெட்டரா, ஒன்றும் வரலியே அக்கா" என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். பெரியவள் படிப்பை விட்டுவிட்டு விடியற்காலை மாரிக்குப்பம் ரயில் பிடித்துப் பெங்களூர் கார்மெண்ட்ஸுக்குப் போனாள்.

அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. உன்னிடம் கொடுத்தனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். அது சரியில்லை. நான்தான் போகவேண்டும். அடுத்த முறை மாலூர் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு போ. முன் சீட் வேண்டாம், பின்னால் பழக்கூடையோடு உட்கார்ந்துகொள்கிறேன்.

சட்டை பட்டன் தைத்து வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரியில் ஓட்டாதே. கிருஷ்ணகிரி டோல்கேட்டிலிருந்து காவேரிப்பட்டணம் நம் வீட்டுக்கு வர அரை மணி நேரம்கூட ஆகாது. மெசேஜ் வந்ததும் களிக்கு உலை வைத்துவிடுவேன், எந்த நேரமாக இருந்தாலும்.

அம்மா